கிடங்குக்குத் திரும்புதல்

காயம் பட்டவன்தான் எழுத முடியும் என்கிற எண்ணம் நம்மிடையே செலாவணியாகி வெகு நாளாகிறது. பால்யத்தில் விழுந்த அடி பின்னால் எழுத்தாக வெளிப்படுகிறது. அடியின் பலம் எவ்வளவோ எழுத்தின் ஆழமும் அவ்வளவு என்று ஒரு கணக்கு. ஒரு கதையைப் பற்றி 'அனுபவித்து எழுதியிருக்கிறார்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விமர்சனத்துக்கு வேலை இல்லை என்றாகிவிடுகிறது. அனுபவம் இருக்கட்டும், அதை அவர் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் கேட்டவன் ஈவிரக்கம் இல்லாதவன்.

இந்த எண்ணத்துக்கு ஆங்கிலத்தில் ஆதாரம் தேடுகிறவர்கள் எட்மண்ட் வில்ஸனிடம் போவார்கள். 1941இல் வந்த அவருடைய 'காயமும் வில்லும்' என்ற கட்டுரைத் தொகுதியின் தலைப்பு, ஸோஃபோக்ளிஸின் ஃபிலோக்டெடீஸ் நாடகத்திலிருந்து பிறந்தது. பாம்பு கடித்த கால் அழுகி நாறுவதால் சகாக்களால் ஒரு தீவில் விட்டுச் செல்லப்பட்டவன் ஃபிலோக்டெடீஸ். அவனிடம் இருக்கும் குறி தவறாத வில் இல்லாமல் ட்ராய் யுத்தத்தை ஜயிக்க முடியாது என்று தெரிந்து, பல வருஷம் கழித்து அவனையே தேடி வரவேண்டியிருக்கிறது. நாற்றத்தை விட்டுவிட்டு வில்லை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது வில்ஸனின் வாதம். தொகுதியின் முதல் கட்டுரை டிக்கன்ஸைப் பற்றியது. அதுவரை கிறிஸ்துமஸ் தாத்தாவாக இருந்த டிக்கன்ஸை அது ஒரு தீவிரமான கலைஞனாகப் பார்க்க வைத்தது. அந்தக் கடன் நமக்கு உண்டு. ஆனால் காயம், வில் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு கை இருக்கிறது. காயம் வில்லாக மாறுவதில்லை. ஒருவன் வருஷக்கணக்கில் பழகி, தவறி, மறுபடி இழுத்துத்தான் வில் வசப்படுகிறது. வில்ஸனை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தக் கையை மறந்துவிடுகிறார்கள்.

பால்யத்தில் நேர்ந்த ஒன்று, ஆள் வளர்ந்து பெயரெடுத்துப் பிள்ளைகுட்டி பெற்ற பிறகும் திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போது அவன் அதை எப்படி எதிர்கொள்கிறான் என்பதுதான் இங்கே என் கேள்வி. டிக்கன்ஸ் இதற்குத் தோதான ஆள். அவரிடம் அது குறைந்தது இரண்டு முறை நாவலாகத் திரும்பி வந்தது. இரண்டு முறையும் அவர் செய்தது ஒன்றல்ல.

நடந்தது என்ன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1824 பிப்ரவரி. சார்ல்ஸுக்கு 12 வயது முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. தாராளமான மனிதர், வரவுக்கு மேல் செலவு. ஸ்ட்ராண்ட் தெருவுக்குப் பக்கத்தில் தேம்ஸ் கரையில் ஹங்கர்ஃபோர்ட் படித்துறை. அங்கே எலிகள் ஓடும் ஓர் இடிந்த கட்டிடத்தில் பூட்ஸுக்குப் போடும் கறுப்பு பாலிஷ் தயாரிக்கும் கிடங்கு இருந்தது. அங்கே வேலை பார்த்த உறவினர் ஒருவர் பையனுக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுத்தார். வாரத்துக்கு 6 ஷில்லிங். பாலிஷ் ஜாடியின் வாயில் முதலில் எண்ணெய்க் காகிதம், அதன் மேல் நீலக் காகிதம் வைத்து, நூலால் கட்டி, ஓரத்தைச் சீராகக் கத்தரித்து, கடைசியில் லேபிள் ஒட்டவேண்டும். லேபிளிலும் ஒரு சூது இருந்தது. '30, ஸ்ட்ராண்ட்' என்ற விலாசத்தில் வாரன் என்பவரின் பிரபலமான பாலிஷ் கம்பெனி ஏற்கெனவே இருந்தது. இந்தக் கிடங்கின் விலாசம் '30, ஹங்கர்ஃபோர்ட் படித்துறை, ஸ்ட்ராண்ட்'. நடுவில் உள்ள ஹங்கர்ஃபோர்ட் படித்துறையை மட்டும் பொடி எழுத்தில் அச்சடித்து, வாங்குகிறவன் அசலென்று நம்பும்படி செய்திருந்தார்கள். டிக்கன்ஸ் கையால் உலகத்துக்குப் போன முதல் அச்செழுத்து இதுதான்.

பையன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் அப்பாவைக் கடனுக்காகக் கைது செய்து மார்ஷல்ஸீ சிறையில் அடைத்தார்கள். ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தரவேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங். அம்மாவும் சின்னக் குழந்தைகளும் கொஞ்ச நாளில் சிறைக்குள்ளேயே போய்த் தங்கினார்கள். சார்ல்ஸ் மட்டும் வெளியே வாடகை அறையில். மே மாதக் கடைசியில் அப்பா விடுதலையாகியும் கிடங்கு வேலை நிற்கவில்லை. கிடங்கு வேறு தெருவுக்கு மாறியபோது, வெளிச்சத்துக்காகப் பையன்களை ஜன்னலருகே உட்கார வைத்தார்கள். கை வேகத்தைத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாள் அப்பாவும் அங்கே வந்திருந்தார். பிறகு அப்பாவுக்கும் அந்த உறவினருக்கும் ஏதோ தகராறு வந்து, பையன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். மறுநாளே அம்மா போய்ச் சமாதானம் பேசி, பையனை மறுபடி அனுப்பலாம் என்று செய்தி கொண்டு வந்தாள். அப்பா, வேண்டாம், பள்ளிக்கூடம் போகட்டும் என்றார். தான் திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்று அம்மா ஆர்வமாக இருந்ததைத் தன்னால் மறக்கவே முடியாது என்று பின்னாளில் டிக்கன்ஸ் எழுதினார். கிடங்கில் எத்தனை காலம் இருந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஒரு வருஷமா, கூடவா, குறைவா என்று சொல்ல முடியவில்லை. இது முக்கியம். முடிந்த விஷயத்துக்குத்தான் கால அளவு சொல்ல முடியும்.

பிறகு மௌனம். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்பட்டதில்லை. அப்பாவும் அம்மாவும் வாயடைத்துப் போனது போலிருந்தார்கள். 1847இல் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் யதேச்சையாக ஒன்று சொன்னார். டில்க் என்ற முதியவர், முன்னொரு காலத்தில் ஸ்ட்ராண்ட் பக்கம் ஏதோ கிடங்கில் சிறுவன் டிக்கன்ஸைப் பார்த்து அரை க்ரௌன் கொடுத்ததாகவும், பையன் குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டதாகவும் அவருக்கு ஞாபகமாம். அரை க்ரௌன் என்பது இரண்டரை ஷில்லிங், பையனின் வாரக் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கன்ஸ் பல நிமிஷம் பேசவில்லை. இங்கிலாந்திலேயே அதிகம் படிக்கப்பட்ட நாவலாசிரியர் அப்போது அவர், வயது 35. சில வாரங்கள் கழித்து ஃபார்ஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எழுதியும் கொடுத்தார். அந்தச் சுயசரிதைத் துண்டு, 1870இல் அவர் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளிவந்தது. அது பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது.

அந்தத் துண்டில் சம்பவங்களைவிட அவை திரும்பி வரும் விதம்தான் என்னை நிறுத்துகிறது. பாலிஷ் பாட்டில் தக்கையின் மேல் பூசும் பசையின் வாசனை மூக்கில் படக்கூடாது என்று வருஷக்கணக்கில் எதிர்ச்சாரிக்குக் கடந்து போயிருக்கிறார். பழைய படித்துறை இடிக்கப்படும்வரை அந்தப் பக்கம் போகத் தைரியம் வரவில்லை. சிறுவனாக வீடு திரும்பிய வழியில் நடந்தால், தன் மூத்த குழந்தை பேசத் தொடங்கிய பிறகும் அழுகை வந்திருக்கிறது. கனவில், தனக்கு மனைவி மக்கள் உண்டென்பதை மட்டுமல்ல, தான் ஒரு வளர்ந்த மனிதன் என்பதையே மறந்து அந்தக் காலத்துக்குள் அலைந்திருக்கிறார்.

ஃப்ராய்ட் 1914இல் எழுதிய ஒரு கட்டுரையில், நினைவுக்கு வராதது செய்கையாகத் திரும்புகிறது என்ற கருத்தைச் சொன்னார். டிக்கன்ஸ் விஷயத்தில் இது பாதிதான் பொருந்தும். அவர் எதையும் மறக்கவில்லை. நீலக் காகிதம் எது, எண்ணெய்க் காகிதம் எது என்பது வரை அவருக்கு ஞாபகம் இருந்தது. மறக்காமல் இருந்தும் திரும்பி வந்தது. ஞாபகம் வைத்திருப்பது வேறு, ஞாபகத்திலிருந்து வெளியே வந்து அதைப் பார்ப்பது வேறு. முதல் முறை திரும்பியபோது அவர் செய்தது ஞாபகம் வைத்திருந்ததுதான்.

அந்த முதல் திரும்பல் 1849 முதல் 1850 வரை மாதாமாதம் வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்ட்'. நம் பள்ளிக்கூடங்களில் நான்-டீடெய்ல்ட் பாடமாகச் சுருக்கிக் கொடுக்கப்பட்டு ஒரு தலைமுறையே படித்த புத்தகம். ஃபார்ஸ்டரிடம் கொடுத்த துண்டிலிருந்து பல பத்திகள் கிட்டத்தட்ட அப்படியே பதினொன்றாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. ஆனால் மாற்றங்களைப் பாருங்கள். பாலிஷ் கிடங்கு ஒயின் வியாபாரியின் கிடங்காகிவிட்டது. டேவிட் பாட்டில் கழுவி லேபிள் ஒட்டுகிறான். கறுப்பு மசியைவிட ஒயின் கௌரவமானது. டேவிட்டைக் கிடங்குக்கு அனுப்புகிறவன் மாற்றாந்தகப்பன். அம்மா அதற்கு முன்பே இறந்துவிடுகிறாள். நிஜத்தில் திருப்பி அனுப்ப ஆர்வம் காட்டிய அம்மா, நாவலில் அனுப்புகிற பாவத்திலிருந்து தப்பிக்க உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிஜத்து அப்பா மிகாபராகிவிடுகிறார். கடன்கார விதூஷகர், ஆனால் டேவிட்டுக்கு வெறும் வீட்டுக்காரர். ஆகவே டேவிட்டுக்கு யார் மேலும் கோபம் தேவையில்லை. தன் மேல் அனுதாபம் மட்டும் போதும்.

அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதற்காக அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். புத்திசாலியும் மென்மையானவனுமான ஒரு பையன், தனக்குத் தகாத பையன்கள் நடுவில் போடப்பட்டுவிட்டான் என்பதுதான் அங்கே துக்கம். 'தகாத' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கூட இருந்த மற்றப் பையன்களுக்கு அந்த இடம் தகும் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அவர்கள் ஆயுள் முழுதும் அங்கேயே பாட்டில் கழுவுவார்கள். அவர்களுக்காக யாரும் அழவேண்டியதில்லை. தன் காயத்துக்கு ஒரே உரிமையாளனாக இருப்பவனின் எழுத்து இப்படித்தான் ஆகும். காயம் உண்மையானதுதான், ஆனால் அதைச் சுற்றி இருக்கும் மனிதர்கள் மங்கிப்போகிறார்கள்.

டிக்கன்ஸின் கிடங்கில் அப்படி மங்கிப்போன மனிதன் ஒருவன் உண்டு. அவன் பெயர் பாப் ஃபேகின். அனாதை, படகோட்டியான தன் அக்கா அல்லது தங்கை புருஷன் வீட்டில் இருந்தான். முதல் நாள் காலையில் கிழிந்த ஏப்ரனும் காகிதக் குல்லாயுமாக மாடி ஏறி வந்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போடும் சூட்சுமத்தைக் கற்றுக் கொடுத்தவன் அவன்தான். கிடங்கில் டிக்கன்ஸைச் 'சின்னதுரை' என்ற அர்த்தத்தில் கூப்பிடுவார்கள். ஒருவன் அதை எதிர்த்தபோது பாப்தான் அவனை அடக்கினான். ஒரு நாள் டிக்கன்ஸுக்கு விலாவில் பழைய வலி வந்து துடித்தபோது, வைக்கோலில் படுக்க வைத்து, காலி பாலிஷ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, அரை நாள் ஒன்று மாற்றி ஒன்றாக ஒத்தடம் கொடுத்தான். சாயங்காலம் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே நடந்து வந்தான். அப்பா சிறையில் இருப்பதைச் சொல்ல டிக்கன்ஸுக்கு வாய் வரவில்லை. ஸதர்க் பாலத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டுப் படியேறி, இதுதான் என் வீடு என்று கை குலுக்கி அனுப்பிவிட்டு, அவன் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கதவையும் தட்டி, திறந்த பெண்ணிடம் இது ராபர்ட் ஃபேகின் வீடா என்று கேட்டார். வாயில் வந்தது அந்தப் பெயர்தான்.

இந்தப் பெயரை டிக்கன்ஸ் 1837இல் தொடங்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் யாருக்கு வைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறுவர்களைத் திருட்டுக்குப் பழக்கும் கிழவனுக்கு. தனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவனின் பெயரை ஒருவர் ஏன் இப்படிப் பயன்படுத்த வேண்டும்? நன்றி கெட்டதனம் என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அது விளக்கமாகாது. எனக்குப் படுவது இது. கிடங்கில் டிக்கன்ஸைப் பயமுறுத்தியது கொடுமை அல்ல, அன்பு. கொடுமைக்காரர்கள் நடுவில் இருந்தால், நான் இந்த இடத்தைச் சேர்ந்தவன் அல்ல என்று கடைசிவரை சொல்லிக்கொள்ளலாம். பாப் போன்ற ஒருவன் முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்து, வலிக்கு ஒத்தடமும் கொடுத்தால், இடம் பழகிவிடும். அங்கேயே தங்கிவிடலாம். ஆலிவரைக் கிழவன் ஃபேகின் முதலில் வசப்படுத்துவது அடித்தல்ல. அடுப்பில் வாட்டிய ஸாஸேஜும் விளையாட்டும் சிரிப்பும் கொடுத்துத்தான்.

சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று இன்று பலர் நம்புகிறார்கள். வைத்தியத்தில் அதன் இடம் என்ன என்பது என் விஷயமல்ல. எழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டிக்கன்ஸ் நண்பனிடம் சொன்னார், நாவலாகவும் எழுதினார். தீரவில்லை. 1855இல் தொடங்கிய 'லிட்டில் டாரிட்' நாவலில் மார்ஷல்ஸீ சிறை முழுசாக எழுந்து வந்தது. 1857 மே மாதம், நாவல் முடியும் தறுவாயில், மூடப்பட்டுவிட்ட அந்தச் சிறையின் மிச்சங்களைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதே வருஷம் ஜூலையில் 16 வயது மகன் வால்டரைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ கேடட்டாக இந்தியாவுக்குக் கப்பலேற்றினார். வால்டர் 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் இறந்தான், கடன்களும் வைத்திருந்தான். 1868இல் கடைக்குட்டி எட்வர்டையும் அதே 16 வயதில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவனை வழியனுப்பும்போது அழுதார் என்பது உண்மை. அந்த வகுப்பில் அக்காலத்தில் பிள்ளைகளைக் காலனிகளுக்கு அனுப்புவது சாதாரணம் என்பதும் உண்மை. ஆனாலும் அந்தச் சிறு வயதில் தன்னை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டார்களே என்று எழுதிய அதே கை, பயண ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. ஃப்ராய்ட் பாதிதான் பொருந்துகிறார் என்றேன். பொருந்துகிற பாதி இங்கே இருக்கிறது.

இரண்டாவது திரும்பல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரம்தோறும் வந்த 'க்ரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. இதுவும் ஓர் அனாதைப் பையன் வளர்ந்து தன் கதையைத் தானே சொல்லும் நாவல். தொடங்குவதற்கு முன் டிக்கன்ஸ் 'காப்பர்ஃபீல்டை' மறுபடி எடுத்துப் படித்தார், எழுதியதையே எழுதிவிடக் கூடாது என்று. இந்த ஜாக்கிரதையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே காயத்துக்கு இரண்டாம் முறை வருகிறவன், முதல் முறை எங்கே நின்றோம் என்று பார்த்துக்கொள்கிறான்.

பிப் கொல்லன் பட்டறையில் வளர்கிறான். அவனை வளர்ப்பது அக்காவும் அக்கா புருஷன் ஜோவும். அக்கா அடிக்கிறாள், ஜோ அன்பு காட்டுகிறான். ஒரு பணக்கார வீட்டில் எஸ்டெல்லா என்ற பெண் பிப்பின் முரட்டுக் கையையும் தடித்த பூட்ஸையும் பார்த்துச் சிரிக்கிறாள். அன்றிலிருந்து பட்டறை அவனுக்குக் கிடங்காகிவிடுகிறது. யாரோ கொடுத்த பணத்தில் லண்டன் போய் ஜென்டில்மேனாகிறான். இருபத்தேழாம் அத்தியாயத்தில் ஜோ அவனைப் பார்க்க வருகிறான். காசு கொடுத்து அந்த வருகையைத் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்று பிப் ஒப்புக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் மூச்சு முட்ட, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜோ நிற்கிறான். பிப்பின் சிநேகிதன் ஹெர்பர்ட் உபசாரத்துக்காக, லண்டனில் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்கிறான். ஜோ சொல்கிறான்: ஆமாம், வந்ததும் நேரே பாலிஷ் கிடங்கைத்தான் பார்க்கப் போனோம். ஆனால் ஊர்க் கடை வாசல்களில் ஒட்டியிருக்கும் சிவப்பு விளம்பரத்தில் போட்ட படம் மாதிரி அது இல்லை. படத்தில் அதிகமாகக் கட்டிடம் கட்டிவிட்டார்கள். இதைச் சொல்ல அவன் ஒரு நீளமான வார்த்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போதே தொப்பி விழுந்து, கவனம் அதற்குப் போய்விடுகிறது.

இரண்டு மூன்று வரிதான். கம்பெனியின் பெயர் சொல்லப்படவில்லை. லண்டனில் இத்தகைய கிடங்குகள் வேறும் இருந்தன. 1861இல் இதைப் படித்த ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு கிராமத்தானின் ஹாஸ்யமாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். இதில் வேறு ஏதும் இருக்கிறது என்று ஃபார்ஸ்டர் போல மிகச் சிலருக்கே தெரிந்திருக்க முடியும். ஆனால் பாலிஷ் கிடங்கு என்ற சொல்லை எழுதிய கை எது என்பது இன்று நமக்குத் தெரியும். 'காப்பர்ஃபீல்டில்' ஒயின் கிடங்காக வேஷம் போட்டது, இங்கே தன் சொந்தப் பெயரில் வருகிறது. 37 வருஷம் கனவில் வந்த கட்டிடத்தை, தன் நாவல்களிலேயே மிக நல்ல மனிதன் ஒருவனை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் செய்கிறார் டிக்கன்ஸ். அவனுக்கு அங்கே எந்தக் காயமும் இல்லை. வேடிக்கை பார்க்கப் போனவன். அவன் கொண்டு வரும் செய்தி, அது படத்தில் இருப்பதைவிடச் சின்னது என்பதுதான்.

இதை மட்டும் செய்திருந்தால் புத்திசாலித்தனமான ஹாஸ்யம் என்று நின்றிருக்கும். டிக்கன்ஸ் இந்த வரியை எங்கே வைத்தார் என்பதுதான் விஷயம். தன்னை வளர்த்தவனைப் பார்த்து ஒரு ஜென்டில்மேன் கூசுகிற காட்சியின் நடுவில் வைத்தார். பாப் ஃபேகினை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஏமாற்றித் திருப்பி அனுப்பிய பையன் இங்கே பிப்பாக உட்கார்ந்திருக்கிறான். ஜோவைச் சீக்கிரம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தவிக்கிறான். ஆனால் இம்முறை கதவு தட்டிய பையனின் பக்கம் மட்டும் நாவல் நிற்கவில்லை. ஜோ எழுந்து, இந்த உடுப்பில் நான் சரியில்லை, பட்டறையில் வந்து என்னைப் பார், அங்கே நான் சரியாக இருப்பேன் என்ற அர்த்தத்தில் பேசிவிட்டுப் போகிறான். பிப் வெட்கப்பட்டது எதற்கு என்பது அப்போது அவனுக்கே தெரிகிறது; கிடங்கில் தான் பட்ட அவமானத்தை இன்னொருவனுக்குப் படுத்திக் காட்டியிருக்கிறான். அடி பட்டவன் அடிக்கவும் செய்கிறான் என்பதை டேவிட்டின் கதை சொல்லவில்லை. பிப்பின் கதை அதைத்தான் சொல்கிறது. வயதும் வந்து, எழுத்தும் கைவந்து, பழைய புத்தகத்தையும் ஒரு முறை படித்துவிட்டு உட்கார்ந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. காயம் இரண்டு முறையும் ஒன்றுதான்.

செய்யாமல் விட்டதும் உண்டு. ஜோவுக்கும், ஜோ வழியாகப் பாப் ஃபேகினுக்கும் டிக்கன்ஸ் கணக்குத் தீர்த்தார் என்று சொன்னால், அம்மாவின் கணக்கு கடைசிவரை திறந்தே கிடந்தது. எலிஸபெத் டிக்கன்ஸ் அந்த நெருக்கடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் நடத்திப் பார்க்க முயன்றவள். கவர் ஸ்ட்ரீட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, கதவில் பித்தளைப் பலகை மாட்டி, வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாணவிகூட வரவில்லை. கவுன்டரில் உட்கார்ந்து வட்டி பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்குத் தானாக வரும்: 40 பவுண்டு 10 ஷில்லிங் என்றால் 810 ஷில்லிங். வாரம் 6 ஷில்லிங்கை முழுசாகக் கட்டினாலும் 135 வாரம் ஆகும், இரண்டரை வருஷத்துக்கு மேல். பையனின் கூலி கடனை அடைக்க அல்ல. பையன் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டால், வீட்டில் ஒரு வாய் குறையும். அவ்வளவுதான் அந்த அம்மா போட்ட கணக்கு. அது குழந்தைக்குச் செய்த அநியாயம்தான். ஆனால் அவளுக்கும் ஒரு பக்கம் இருந்தது. பிப்பைக் கையால் அடித்து வளர்க்கும் அக்காவுக்குக்கூட அப்படி ஒரு பக்கத்தை டிக்கன்ஸ் தரவில்லை; மண்டையில் அடி வாங்கிப் பேச்சிழந்து போக வைக்கிறார். 'காப்பர்ஃபீல்டில்' அம்மா சாக வேண்டியிருந்தது, இங்கே அக்கா ஊமையாக வேண்டியிருக்கிறது.

1869 கிறிஸ்துமஸுக்கு, அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸுக்கு, வீட்டில் எல்லோரும் ஞாபக விளையாட்டு ஆடினார்கள். ஒருவர் ஒன்றைச் சொல்ல, அடுத்தவர் அதையும் சொல்லித் தன் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். டிக்கன்ஸ் தன் முறை வந்தபோது சேர்த்தது 'வாரன்ஸ் பாலிஷ், 30, ஸ்ட்ராண்ட்' என்பது. சொல்லும்போது அவர் கண்ணிலும் குரலிலும் ஏதோ ஒன்று விசித்திரமாக இருந்ததாக மகன் ஹென்றி பிற்பாடு எழுதினார். அங்கிருந்த யாருக்கும் அது எதுவும் அர்த்தப்படவில்லை. இதைப் படிக்கிறவர்கள், பாருங்கள், சாகும்வரை ஆறவில்லை என்பார்கள். எனக்கு அது மட்டும் தோன்றவில்லை. ஒரு காலத்தில் எதிர்ச்சாரிக்குப் போய்த் தவிர்த்த பெயரை, பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து விளையாட்டில் ஒரு சொல்லாக வைக்க அவரால் முடிந்திருக்கிறது. அதே சமயம், ஹங்கர்ஃபோர்ட் படித்துறை என்ற பொடி எழுத்தை விட்டுவிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த மனிதர்.

இதிலிருந்து நமக்கு ஏதாவது உண்டா என்றால், பால்யத்தைப் பற்றிய நம் கதைகளைப் படிக்கும்போது கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு. நம் கதைகளில் வரும் பையன்கள் பெரும்பாலும் டேவிட்டின் வம்சம். நல்லவர்கள், அடிபடுகிறவர்கள், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறவர்கள். அவர்கள் பட்ட அடியை நான் சந்தேகிக்கவில்லை. அந்தக் கிடங்கில் கூட இருந்தவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவனை இவன் பிறகு என்ன செய்தான், வளர்ந்தபின் இவன் யாரைக் கப்பலேற்றினான்? காயத்தைக் காட்டுகிற எழுத்தாளரிடம் இவற்றைக் கேட்பது இரக்கமின்மை அல்ல. ஒரே ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும் துக்கத்திடம் மற்றவர்கள் அனுதாபம்தான் காட்ட முடியும். அதைப் படிப்பதற்கு, உள்ளே இன்னொருவர் நுழைந்து பார்த்துவிட்டு, படத்தில் இருக்கும் அளவு பெரிதாக இல்லையே என்று சொல்ல அனுமதி வேண்டும். அந்த அனுமதியை டிக்கன்ஸ் தன் 49ஆம் வயதில் ஒரு கொல்லனுக்குக் கொடுத்தார்.